ஊர் முட்டைக்கு இரட்டிப்புக் காசு கொடுப்பது கோழிக்காகவா, என் மனச் சமாதானத்துக்காகவா?

வாவிக்கரை (கல்லடி)

கேள்வி கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். பரவாயில்லை, கேட்டுவிடுகிறேன்.

நாலு மாதத்துக்கு முன் கணவருடைய தூரத்து உறவினர் ஒருவரின் கோழிப்பண்ணைக்குப் போயிருந்தோம். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை, மனிதர் நல்லவர், இளநீர் வெட்டித் தந்து உபசரித்தவர். ஆனால் அந்தக் கொட்டில்! மூன்று தட்டாகக் கம்பிக் கூடு, ஒரு கூட்டுக்குள் நாலு கோழி. தீனித் தொட்டிக்குத் தலையை நீட்டி நீட்டி எல்லாவற்றுக்கும் கழுத்தில் இறகு தேய்ந்து சிவந்த தோல் தெரிந்தது. முட்டை போட்டதும் அது சரிந்த கம்பியில் உருண்டு முன்னுக்கு வந்து நிற்கும், கோழி அதைத் திரும்பிப் பார்க்கக்கூட இடமில்லை. ஒரு கோழி செட்டையை விரிக்கப் பார்த்து, பக்கத்துக் கோழியில் முட்டி, மறுபடி மடக்கிக்கொண்டது. என் சின்னவளுக்கு ஒன்பது வயது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவள், "அம்மா, இது எப்ப வெளியில போகும்?" என்று கேட்டாள். நான் "பின்னேரம்" என்று பொய் சொன்னேன்.

அன்றிலிருந்து வீட்டில் ஊர் முட்டைதான். வாவிக்கு அக்கரையில் இருக்கிற படுவான்கரையிலிருந்து ஒருவர் பெட்டிக்குள் உமி போட்டு மோட்டார்சைக்கிளில் கொண்டுவருகிறார். பண்ணை முட்டையைப் போல இரண்டு மடங்கு விலை. கணவர் சிரிக்கிறார்: "முட்டை போடுற கோழிக்கு இரக்கம், ஞாயிற்றுக்கிழமை சட்டிக்குள்ள கிடக்கிறதுக்கு இரக்கம் இல்லையோ?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. பக்கத்து வீட்டில் மூன்று பிள்ளைகள், அவர்களுக்குப் பண்ணை முட்டையே வாரத்தில் இரண்டு நாள்தான். அந்த வீட்டுக்காரி முன்னால் நான் "நாங்கள் பண்ணை முட்டை வாங்குவதில்லை" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இப்போது இன்னொரு சந்தேகமும் வந்திருக்கிறது. போன தடவை வாங்கிய இருபதும் ஒரே அளவு, ஒரே நிறம். இது உண்மையிலேயே வெளியில் மேய்ந்த கோழியின் முட்டைதானா? அப்படியே இருந்தாலும், நான் கூடக் கொடுக்கும் காசால் எந்தக் கோழிக்கு என்ன நன்மை?

தீனிக்கடை (கல்முனை)

அக்கா, முதலில் சந்தேகத்துக்குப் பதில். உங்கள் தலையில் மிளகாய் அரைத்துவிட்டார்கள்.

ஊர் முட்டை முப்பது வாங்கினால் முப்பதும் முப்பது மாதிரி இருக்கும். ஒன்று பால்வெள்ளை, ஒன்று தேத்தண்ணி நிறம், ஒன்று நீளம், ஒன்று உருண்டை, ஒன்றிரண்டில் எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கும். பத்து வீட்டு வளவில் பத்துச் சாதிக் கோழி போட்டது வேறு எப்படி இருக்கும்? எல்லாம் ஒரே மாதிரிச் சின்னதாக, வெளிர் சிவப்பாக இருந்தால் அது பண்ணைச் சிவத்த கோழியின் தொடக்க முட்டை. லேயர் கோழி, அதாவது முட்டைக்கென்றே வளர்க்கிற கோழி, பதினெட்டு, இருபது கிழமையில் முட்டைக்கு வரும். முதல் சில கிழமை முட்டை சின்னதாகத்தான் விழும். கடைக்காரர் அதை நல்ல விலைக்கு எடுக்கமாட்டார், பண்ணைக்காரர் மலிவாகத் தள்ளிவிடுவார், அது உமிப் பெட்டிக்குள் ஏறி ஆற்றைக் கடந்து வந்தால் ஊர் முட்டை. நான் தீனி விற்கிறவன், இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

மஞ்சள் கரு நிறத்தை வைத்தும் ஏமாறாதீர்கள். அது கோழி தின்றதைப் பொறுத்தது. சோளமும் பச்சை இலையும் கூடினால் கரு சிவக்கும், நிறத்துக்கென்றே தீனியில் சேர்க்கிற பொருளும் இருக்கிறது. ஓட்டின் நிறம் கோழிச் சாதியால் வருவது, மேய்ச்சலால் வருவதில்லை.

முருகா_சரணம்

முட்டை தின்பதை விட்டால் பிரச்சினை முடிந்தது. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் நான் விடுகிறேன், சாகவில்லை.

தீனிக்கடை (கல்முனை)

ஏழாம் நாள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள் ஐயா.

சுவிஸ்_கறிவேப்பிலை

நான் களுதாவளை, இப்போது பேர்ணில் இருக்கிறேன். இங்கே கம்பிக் கூட்டுக்கு 1992 தொடக்கம் இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் வெறுங் கூட்டை 2012 ஜனவரி முதலாம் திகதிதான் தடை செய்தது. அதுவரை அங்கே ஒரு கோழிக்குக் கொடுத்த இடம் 550 சதுர சென்டிமீற்றர். ஒரு ஏ4 தாளை நிலத்தில் வைத்துப் பாருங்கள், அதைவிடக் குறைவு. தடைக்குப் பிறகும் கூடு ஒரேயடியாகப் போய்விடவில்லை. 750 சதுர சென்டிமீற்றரும் குந்துவதற்கு ஒரு தடியும் முட்டையிட ஒரு மறைப்பும் வைத்து "மேம்படுத்திய கூடு" என்று பெயர் மாற்றினார்கள். அங்கே முட்டையிலேயே இலக்கம் அடித்திருக்கும்: 3 என்றால் கூடு, 2 என்றால் கொட்டிலுக்குள் நடமாடும் கோழி, 1 என்றால் வெளியில் போகிற கோழி, 0 என்றால் இயற்கை முறை. 1 என்று அடிக்க வேண்டுமானால் கோழி ஒன்றுக்கு வெளியில் 4 சதுர மீற்றர் இருக்க வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் வந்த புதிதில் அந்த 1 ஐப் பார்த்துப் பார்த்து வாங்கினேன். அப்புறம் வேலை செய்த இடத்தில் ஒரு பண்ணைக்காரர் மகன் சொன்னான்: வெளியில் போகக் கதவு இருக்கிறது என்பதுதான் சட்டம், கோழி அந்தக் கதவால் போகிறதா என்பது கோழியின் பாடு. ஆயிரக்கணக்கான கோழி நிற்கும் கொட்டிலில் நடுவில் நிற்பது கதவடிக்கு வந்து சேர்வதே பெரிய பயணம். வெளியே நிழலுக்கு மரம் இல்லாவிட்டால் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும், கோழிக்கு மேலே பருந்து நினைவுதானே. பறவைக் காய்ச்சல் வந்தால் எல்லாவற்றையும் உள்ளே பூட்டச் சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று, முட்டைக்கோழி விசயத்தில் என்னை நித்திரையில்லாமல் ஆக்கியது இதுதான். லேயர் குஞ்சு பொரித்தால் பாதி சேவல். அது முட்டையும் போடாது, புரொயிலர் மாதிரி இறைச்சியும் வைக்காது. ஆகவே பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள், வாயு அடித்து, அல்லது உயிரோடு அரைத்து. கூட்டுக் கோழி முட்டைக்கும் 1 அடித்த முட்டைக்கும் பின்னால் அதே குஞ்சு பொரிப்பகம்தான். ஜெர்மனி 2022 தொடக்கம் இப்படிக் கொல்வதைத் தடை செய்தது, முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று பார்க்கும் முறை வந்திருக்கிறது. சுவிஸில் 2020 தொடக்கம் உயிரோடு அரைப்பதற்கு மட்டும் தடை வந்தது. எனவே "வெளியில் மேய்ந்த முட்டை" என்று வாங்கி நெஞ்சில் கை வைத்துத் தூங்க முடியாது அக்கா. ஆனால் 3ஐ விட 1 மேல். அதையும் இல்லையென்று சொல்லமாட்டேன்.

அறுநூறு கோழி (அக்கரைப்பற்று)

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். நான் பண்ணைக்காரன், என்னையும் கொஞ்சம் கதைக்க விடுங்கள்.

என்னிடம் கூடு இல்லை. தரையில் உமியும் மரத்தூளும் போட்டு வளர்க்கிறேன், கோழி நடக்கும், கிளறும், மண் குளிக்கிற மாதிரி உமிக்குள் புரளும். வெளியில் விடுவதில்லை. ஏன் என்று கார்த்திகை, மார்கழியில் இந்தப் பக்கம் வந்து பாருங்கள் தங்கச்சி. வெள்ளம் வளவுக்குள் நிற்கும்போது ஊர்க்கோழி முருங்கை மரத்தில் இரண்டு நாள் நனைந்தபடி குந்தியிருக்கும், குஞ்சு எல்லாம் போய்விடும். என் கோழி காய்ந்த உமியில் நிற்கும். வெளியில் நிற்பது எல்லாம் சுகம் என்று நினைக்கிறவர்கள் மழைக்கு வெளியில் நின்று பார்க்கவில்லை.

கணக்கையும் கேளுங்கள். ஒரு கோழிக்கு நாளைக்கு 110 கிராம் தீனி, 600 கோழிக்கு 66 கிலோ. முட்டை விழுந்தாலும் விழாவிட்டாலும் அந்த 66 கிலோவைப் போட்டே ஆக வேண்டும். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள், சோளம் விழுந்தது, அடுத்த வருசம் டொலர் இல்லை, தீனிக்குச் சாமான் இறக்க வழியில்லை. 2022 ஓகஸ்டில் வெள்ளை முட்டை 43 ரூபா, சிவத்த முட்டை 45 ரூபா என்று விலை கட்டினார்கள். எனக்கு ஒரு முட்டைக்கு முடிந்த செலவு அதற்கு மேல். 1,100 கோழி வைத்திருந்தேன், பாதியை இறைச்சிக்குக் கொடுத்தேன், லொறியில் ஏற்றின அன்று மனிசி குசினியை விட்டு வெளியே வரவில்லை. அப்புறம் 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை வந்தது. அந்த முட்டை கூட்டுக் கோழி போட்டதா, மேய்ந்த கோழி போட்டதா என்று அன்றைக்கு இந்த நாட்டில் ஒரு மனுசன் கேட்டானா? கேட்கவில்லை. மலிவா என்று கேட்டார்கள்.

ஒளிக்க மாட்டேன், குற்றம் இல்லாதவன் இல்லை நான். குஞ்சிலேயே சொண்டு வெட்டித்தான் வாங்குகிறோம். வெட்டாவிட்டால் ஒன்றையொன்று கொத்திக் குடலை இழுக்கும், அதையும் கண்டிருக்கிறேன். வெட்டும்போது குஞ்சு போடுகிற சத்தத்தையும் கேட்டிருக்கிறேன். ஒன்றரை வருசம் முட்டை போட்ட பிறகு விற்றுவிடுவோம். அந்த வயதில் பிடித்துத் தூக்கினால் சில கோழிக்கு எலும்பு முறியும். ஒரு ஓட்டுக்கு இரண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து போகிறது, வருசத்தில் முந்நூறு முட்டை. தீனியில் காணாதபோது எலும்பிலிருந்துதானே எடுக்க வேண்டும். காட்டுக்கோழி வருசத்தில் பத்துப் பன்னிரண்டு முட்டையோடு நிறுத்திக்கொள்ளும். கூடு வைக்காத எனக்கே இவ்வளவு இருக்கிறது. ஆனால் இந்தப் பாவத்தில் சாப்பிடுகிறவருக்கும் பங்கு உண்டு, என் தலையில் மட்டும் கட்டாதீர்கள்.

பெத்தாவின்_பேத்தி (கொக்கட்டிச்சோலைப் பக்கம்)

அந்த மோட்டார்சைக்கிள்காரர் எங்கள் ஊருக்கும் வருகிறவராக இருக்கலாம், ஆகவே நான் அவரைத் திட்டப்போவதில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். நீங்கள் கொடுக்கும் இரட்டிப்புக் காசில் கோழி வளர்க்கிற வீட்டுக்கு வருவது பண்ணை முட்டை விலையைவிடக் கொஞ்சம்தான் கூட. மிச்சம் பெற்றோலுக்கும் அவருக்கும். மண்முனையில் வாவியைக் கடக்கப் பாதை (ஆளையும் வண்டியையும் ஏற்றும் மிதவை) ஓடிய காலத்தில் முட்டையைத் துறைக்குக் கொண்டுபோய்க் காத்து நிற்க வேண்டும், 2014இல் பாலம் திறந்த பிறகு வீட்டு வாசலுக்கே வந்து எடுக்கிறார்கள், அது உண்மையில் உதவிதான். விலை மட்டும் அவர்கள் சொல்வது.

எங்கள் பெத்தாவிடம் பதினைந்து கோழி இருக்கிறது. முட்டைக் காசு பெத்தாவின் காசு. நெல்லுக் காசு, மாட்டுக் காசு எல்லாம் மாமா கைக்குப் போகும், முட்டைக் காசை யாரும் கேட்கமாட்டார்கள். என்னுடைய பள்ளிக்கூடச் சப்பாத்து அதில் வாங்கியது. ஊரில் புருசன் இல்லாத எத்தனையோ வீட்டில் இதுதான் கதை.

ஊர்க்கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டை போட்டால் அடைக்குக் குந்திவிடும். பெத்தா இரண்டு கோழிக்கு அடை வைப்பார், மற்றதை எழுப்பிக் கூடையால் மூடி வைப்பார், சூடு இறங்கி மறுகா முட்டைக்கு வரட்டும் என்று. அந்தக் கோழி கூடைக்குள் நின்று கொக்கரிக்கும் சத்தத்தைக் கேட்டால் சுதந்திரக் கோழி என்று எழுத மனம் வராது. இருபத்தொரு நாள் கழித்துப் பத்துக் குஞ்சு இறங்கினால் மூன்றுதான் மிஞ்சும். கீரி, பருந்து, காகம், சாரைப்பாம்பு. ஒரு வருசம் வெள்ளைக்கழிச்சல் வந்து ஒரே கிழமையில் பதினேழில் பதினாறு செத்தது, பெத்தா வேலியோரம் குழி வெட்டி வெட்டிக் களைத்துப்போனார். மிருக வைத்தியர் கந்தோரில் தடுப்பு மருந்து இருக்கிறது, ஆனால் பதினைந்து கோழிக்காக பஸ் ஏறி யார் போவது? அந்த விசயத்தில் அக்கரைப்பற்று அண்ணனின் கோழி குடுத்துவைத்தது.

போருக்குப் பிறகு ஒரு நிறுவனம் வீட்டுக்குப் பத்து லேயர் குஞ்சும் ஒரு கூடும் தந்தது. மூன்று மாதத்துக்குத் தீனியும் தந்தார்கள். தீனி முடிந்ததும் குறுணலும் தவிடும் போட்டோம், முட்டை நின்றுவிட்டது. அந்தக் கோழிக்கு அடை கிடக்கவும் தெரியாது, பருந்தைக் கண்டு ஒளிக்கவும் தெரியாது. இப்போது அந்தக் கூட்டுக்குள் பெத்தா விறகு அடுக்கியிருக்கிறார்.

சுவிஸ் அண்ணா சொன்ன சேவல் குஞ்சு விசயம் எனக்குப் புதிது. எங்கள் வளவில் சேவல் ஒரு வருசமாவது ராசா மாதிரித் திரியும். கடைசியில் கறிதான், இல்லையென்று சொல்லவில்லை.

அக்கா, ஞாயிற்றுக்கிழமை நேரே வாருங்கள். உள்பெட்டியில் இடம் சொல்கிறேன்.

உம்மும்மா_சமையல் (காத்தான்குடி)

ஒரு பூனையைக் கட்டிவைத்துத் தீனியும் போடாமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகத்துக்குப் போனாள் என்ற ஹதீஸைச் சின்ன வயதில் ஓதப்பள்ளியில் கேட்டு அழுதிருக்கிறேன். கூட்டுக்குள் தீனி போடுகிறார்களே, அது வேறு என்று என் மகன் வாதாடுகிறான். எனக்கு அவ்வளவு வேறாகத் தெரியவில்லை.

ஆனால் ராத்தா, நீங்கள் கணக்கு வைப்பது அவித்துப் பொரித்துத் தின்கிற முட்டையை மட்டும். நான் பெருநாளுக்கு வட்டிலாப்பம் ஓடர் எடுத்துச் செய்கிறவள், ஒரு பெரிய சட்டிக்கு முப்பது முட்டை உடைப்பேன். ஊர் முட்டை போட்டால் யாரும் அந்த விலைக்கு வாங்கமாட்டார்கள். கொத்துரொட்டி, ரோல்ஸ், கேக், பிள்ளைகள் தின்கிற பணிஸ், எல்லாவற்றிலும் முட்டை இருக்கிறது, எங்கே இருந்து வந்தது என்று எந்தக் கடையில் கேட்பீர்கள்? நான் இப்போது செய்வது ஒன்றுதான், கூடு இல்லாத பண்ணையில் மொத்தமாக எடுக்கிறேன். அங்கே ஒரு தடவை உள்ளே போய்ப் பார்க்கக் கேட்டேன், விட்டார்கள். முதலில் எடுத்த இடத்தில் "உள்ளே நோய் வரும்" என்று விடவில்லை. நோய்க்குப் பயந்ததாகவும் இருக்கலாம், அது நியாயம்தான். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இன்னொரு அறிவுரை, ஊர் முட்டை சுத்தம் என்று நினைத்து, பெரியபிள்ளையான பிள்ளைக்கு நல்லெண்ணெயோடு பச்சையாகக் கொடுக்கிறார்கள் அல்லவா, கொஞ்சம் யோசியுங்கள். எச்சத்தில் கிடந்த முட்டை யார் வளவில் கிடந்தாலும் கிருமி கிருமிதான். அவித்துக் கொடுங்கள்.

அறுநூறு கோழி (அக்கரைப்பற்று)

அந்தக் கூடு இல்லாத பண்ணை யாருடையது? சும்மா கேட்கிறேன்.

உம்மும்மா_சமையல் (காத்தான்குடி)

உங்களுடையது இல்லை, அக்கரைப்பற்று நானா. உங்களிடம் கேட்டால் விலை குறைப்பீர்களா?

வாவிக்கரை (கல்லடி)

இரண்டு கிழமைக்குப் பிறகு வருகிறேன், மன்னிக்கவும்.

போன ஞாயிறு சின்னவளையும் கூட்டிக்கொண்டு பாலத்தால் போனோம். பெத்தா குசினிக்குப் பின்னால் ஓரங்கெட்ட அலுமினியச் சட்டியில் மணல் போட்டு, அதற்குள் ஒரு கறுப்புக் கோழி அடை கிடந்தது. இவள் கையை நீட்டினாள். கோழி இறகைச் சிலுப்பி இரண்டு மடங்கு பருத்து ஒரு கொத்துக் கொத்தியது, புறங்கையில் இரத்தம். அழுவாள் என்று பார்த்தால், "அம்மா, இதுக்குக் கோவம் வருது!" என்று சந்தோசப்படுகிறாள். அந்தப் பண்ணையில் நான் கையை வைத்தபோது ஒரு கோழியும் கொத்தவில்லை என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கூடைக்குள் மூடிவைத்த கோழியையும் பார்த்தோம். பேத்தி சொன்னது சரி, அது பாட்டுக்குச் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது.

விற்பதற்கு ஏழு முட்டைதான் இருந்தது. சட்டிக்குள் பதினொன்று கிடந்தது, அதைக் கேட்கவே கூடாது என்று விட்டார். மோட்டார்சைக்கிள்காரருக்குக் கொடுக்கிற விலையை நீட்டினேன், பெத்தா எண்ணிப் பார்த்துப் பாதியைத் திருப்பித் தந்தார். "அவன் காசு எனக்கு ஏன்?" நான் வைத்துவிட்டு வரப் பார்த்தேன், முகம் மாறிவிட்டது, விட்டுவிட்டேன். முருங்கை இலையும் ஒரு கட்டுக் கட்டித் தந்தார். பேத்தி பிறகு அதட்டி, கடைசியில் நடுவில் ஒரு விலைக்கு வந்திருக்கிறோம்.

இப்படி முடிவெடுத்திருக்கிறேன்: பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பேத்தி டவுனுக்கு வரும்போது இருக்கிற ஊர் முட்டை, ஏழோ பத்தோ. மிச்சத்துக்கு உம்மும்மா ராத்தா எடுக்கிற பண்ணை. கொத்துரொட்டி தின்பதை நிறுத்தப்போவதில்லை, அதில் நான் பொய் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் முட்டையைப் பற்றி வாய் திறப்பதில்லை. கணவரின் ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி அப்படியே நிற்கிறது. போன ஞாயிறு நெத்தலிக் கருவாடு பொரித்தேன், அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த ஏழில் ஒன்று கூழ்முட்டை. உடைத்ததும் வீடே நாறிவிட்டது, மாமி ஊதுபத்தி கொளுத்தினார்.

தீனிக்கடை (கல்முனை)

தண்ணிக்குள் போட்டுப் பாராமல் வாங்கினீர்களா? பேத்தியைக் கேளுங்கள், ஒன்று கடன்.

பெத்தாவின்_பேத்தி (கொக்கட்டிச்சோலைப் பக்கம்)

அது சட்டியிலிருந்து உருண்டதாம். பெத்தாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது, அடுத்த தடவை இரண்டு தருவாராம்.